எட்டுக் குமிழும் ஒரு வர்ணிப்புப் பாட்டும்

தொண்டூர் பாறை முதுகுக்குப் பின்னால் சின்னதாகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு யூரியா சாக்கு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, அவற்றுக்கு நடுவில் சுற்றி வைத்த ஒரு பெட்டி. ஆடிக் காற்று எதிரே வந்து சாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. காலை எட்டு மணிதான், தார் ரோடு அதற்குள் சுட ஆரம்பித்துவிட்டது.

மைக் செட் வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். கூழ் ஊற்றுகிற விசேஷத்துக்காக மூன்று நாள் அந்த ஊரில் ஹாரன் கட்டினேன், ஒயர் இழுத்தேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன். காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது செட்டுக்காரர் என் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இத எதுக்குடா ஊர் ஊரா தூக்கினு சுத்துற? சத்தமும் வரல, ஒரு மண்ணும் வரல. கூழ்ப்பானைக்கு மூடியா போடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததுகூடப் பரவாயில்லை, காலால் தள்ளியது எனக்குப் பிடிக்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். சாப்பிடவில்லை என்பது ஒரு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான் இருக்கும், கறுப்பு பிளாஸ்டிக். மேலே எட்டுப் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு குமிழ். ஃபேடர் என்பார்கள். அதற்குள் பாட்டும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. குமிழைத் தள்ளினால் 'இவ்வளவு' என்று ஒரு எண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பூஜ்ஜியத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை. கம்ப்யூட்டரில் இருக்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அந்த எண்ணை வாங்கி, குரலையோ மேளத்தையோ ஏற்றும், இறக்கும். கம்ப்யூட்டர் இல்லாதவன் கையில் அது லாரியிலிருந்து கழற்றிக் கொடுத்த வெறும் ஸ்டியரிங்.

என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியிருக்கிறேன், ஆந்திராவில் போர்வெல் வண்டியில் பைப் பிடித்திருக்கிறேன், சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் தரை துடைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அங்கேதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்பவரின் விரல்களைப் பார்த்தேன். பாட்டு ஓடும்போது அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் மட்டும் குமிழ்கள்மேல் மாவு பிசைகிற மாதிரி மெதுவாக ஏறி இறங்கும். அவர் விரல் ஏறினால் எங்கோ ஒரு வயலின் முன்னால் வரும். டீ ஆறிப்போகும்வரை டம்ளரோடு நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஸ்டுடியோவைக் காலி செய்தபோது வேண்டாத சாமான்களில் இந்தப் பெட்டியும் கிடந்தது. கேட்டேன். எடுத்துக்கோ என்றார்கள்.

அதிலிருந்து இரண்டு வருஷம். ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்போனில் பாட்டைப் போடுவேன். பெட்டியை மடியில் வைத்து, குரல் வரும்போது ஒரு குமிழை ஏற்றுவேன், தவில் வரும்போது இன்னொன்றை. பாட்டு தன்பாட்டுக்கு ஓடும், என் விரல் தன்பாட்டுக்கு ஓடும். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். என் போனில் செருகினால் பெட்டியில் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்துவிடும். அதனால் அது வேலை செய்கிறதா, செத்துப்போனதா என்றுகூட எனக்குத் தெரியாது. அதைவிட, என் விரல்களுக்கு உண்மையிலேயே அந்த வேலை தெரியுமா என்பதும் தெரியாது. இந்த இரண்டு கேள்வியையும்தான் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

நாட்டார்மங்கலம் பக்கம் போகிற லோடு ஆட்டோ ஒன்று பாதி தூரம் ஏற்றிக்கொண்டது. மீதியை நடந்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. ஆடி அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் புடவை, வேப்பிலை, எலுமிச்சம்பழ மாலை, குழந்தையின் அழுகை, கண்டக்டரின் விசில். கூட்டத்திலிருந்து ஒதுங்கிக் கடைத்தெருப் பக்கம் நடந்தேன். ஒரு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிக்கொண்டு ஒரு பாத்திரக் கடையின் ஓரமாக நின்றேன்.

அப்போது மேலே மாடியிலிருந்து பம்பைச் சத்தம் கேட்டது.

பம்பை அந்தப் பக்கத்தில் எங்கேயும் கேட்கிற சத்தம்தான். ஒன்றோடு ஒன்று கட்டிய இரண்டு மேளம், அங்காளம்மனை அழைக்க அடிப்பார்கள். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. நாலு அடி அடித்தது, நின்றது. மறுபடி அதே நாலு அடி, நின்றது. மறுபடியும் அதே நாலு அடி. எந்த மனுஷனும் ஒரே அடியை இத்தனை அச்சாக அடிக்க மாட்டான். யாரோ கம்ப்யூட்டரில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்! போண்டாவை முழுங்கிவிட்டு மாடிப்படியைத் தேடினேன். எனக்கு அப்படியே கால் பரபரத்தது.

சின்ன அறை. சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் கோணிப்பையும் அடித்திருந்தார்கள். மேஜைமேல் கம்ப்யூட்டர். அதன் முன்னால் முப்பது வயதுக்காரர் ஒருவர் மவுஸைப் பிடித்துக் குனிந்திருந்தார். கீழே இருந்த பாத்திரக் கடைக்காரரின் மகன், ஸ்டுடியோ ஓனர். சுவரோரம் பாயில் பம்பைக்காரர், ஐம்பது வயசு இருக்கும், பம்பையின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பாட்டுக்காரி, அவர் மனைவி. கோயிலுக்குப் போகிற மூட்டை மடியில் இருந்தது.

"யாரு? ஆட்டோ அனௌன்ஸ்மென்ட்டா? இன்னிக்கி முடியாது, நாளைக்கி வா," என்றார் ஓனர், திரும்பாமலே.

"இல்ல சார். கீழ நின்னேன். மவுஸ வச்சி சவுண்ட ஏத்தி எறக்கிக்கினு இருக்கீங்களா?"

அவர் திரும்பினார். "நீ யாருய்யா?"

பதிலுக்கு முன்னால் பாட்டுக்காரி முந்திக்கொண்டார். "யாரா இருந்தா இன்னா? நீயாவது கேளு தம்பி. நான் தொண்ட கிழியப் பாடியிருக்கேன். ஸ்பீக்கர்ல கேட்டா பம்பதான் கேக்குது. நான் எங்க இருக்கேன்னே தெரியல."

"ஊட்லயும் அப்படித்தான்," என்றார் பம்பைக்காரர். "இங்கதான் அதிசயமா நான் செயிச்சிட்டேன்."

"வாய மூடு."

நடந்தது இதுதான். வர்ணிப்பு என்பது அம்மனை வர்ணித்துக் கூப்பிடுகிற பாட்டு. பாட்டுக்காரி ஒரு அடி பாடுவார். அதுவரை பம்பை அடங்கிக் கிடக்கும். அடி முடிந்ததும் பம்பை எழுந்து பதில் சொல்லும். கோயில் முன்னால் இருவரும் எதிர் எதிரே நின்று ஒருவரை ஒருவர் பார்த்து இதைச் செய்வார்கள். யாரும் எண்ணிக்கை வைத்துச் செய்வதில்லை. ஸ்டுடியோவில் ஒரே ஒரு மைக்தான் செருக முடியும் என்பதால் ஓனர் முதலில் பம்பையைத் தனியாகப் பதிவு செய்திருக்கிறார். பாட்டுக்காரி அன்றைக்கு நடவு வேலைக்குப் போய்விட்டார்.

"காதுல யாரும் பாடல," என்றார் பம்பைக்காரர். "எதிர்ல ஆளும் இல்ல. அடங்குன்னு சொல்ல யாரு இருக்கா? கையி சும்மா இருக்குமா? அடிச்சிட்டேன்."

ஒன்பது நிமிஷமும் முழு வேகத்தில் அடித்துவிட்டார். அதன்மேல் மறுநாள் அவர் மனைவி பாடியிருக்கிறார். இடியும் மழையும் கொட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். நான் மாடியேறிய அன்றே மாலை நாலரைக்கு அவர்கள் ஊர் ஜனம் வேன் பிடித்து மேல்மலையனூர் போகிறார்கள். வேன் மேலே ஸ்பீக்கர் கட்டி இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்குள் இதுவும், கூடவே பதிவு செய்த ஒரு சின்ன ஆரத்திப் பாட்டும் பென் டிரைவில் வேண்டும்.

"நேத்துலேர்ந்து புள்ளி வச்சிக்கினு இருக்கேன்," என்று ஓனர் திரையைக் காட்டினார். பம்பையின் சத்தத்துக்கு ஒரு கோடு. அதில் மவுஸால் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, கீழே இழுத்து, மேலே இழுத்து. ஒன்பது நிமிஷப் பாட்டில் இரண்டு நிமிஷம்கூடத் தாண்டவில்லை.

"கோலமா இருந்தா இந்நேரம் நான் தேரடி வரைக்கும் புள்ளி வச்சிருப்பேன்," என்றார் பாட்டுக்காரி.

நான் சாக்கைப் பிரித்தேன். கைலியை விலக்கிப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

ஓனர் மவுஸை விட்டுவிட்டார். இந்த மாதிரிப் பெட்டியை அவர் வீடியோவில்தான் பார்த்திருக்கிறாராம். ஒரு குமிழைத் தொட்டுப் பார்த்தார். "வேல செய்யுதா?"

"செய்யும் சார்," என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்." அதுவும் அப்படித்தான்.

ஒயரைச் செருகப் போனேன். ஓனர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இரு இரு. பூஜ போடாம எதையும் நான் சொருகறதில்ல. போன தடவ அவசரத்துல ஒரு மைக்க அப்படியே சொருகினேன். மதர்போர்டு போச்சு."

யாரும் அதை மறுக்கவில்லை, நானும்தான். பாட்டுக்காரி மூட்டையை அவிழ்த்தார். மஞ்சளைக் குழைத்து எட்டுக் குமிழ்களின் தலையிலும் பொட்டு வைத்தார், அதன்மேல் குங்குமம். ஓனர் கற்பூரம் காட்டினார். பம்பைக்காரர் ஒரு கை நிறைய விபூதியை எடுத்து, கண்ணை மூடி, "தாயே அங்காளம்மா" என்று பெட்டிமேல் தாராளமாகத் தூவினார். இரண்டு வருஷமாக யாரும் மதிக்காத சாமான். அதற்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, மூன்று பேர் கும்பிடுகிறார்கள். நானும் கும்பிட்டேன். அந்தப் பள்ளங்களுக்குள் என்ன விழுகிறது என்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

செருகினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு எட்டுச் சிவப்பு விளக்குகள் இடமிருந்து வலமாக ஓடி எரிந்து, நின்றன. அணையவில்லை! நான் "ஏய்!" என்று கத்திவிட்டேன். பாட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாஃப்ட்வேர் வேலை எனக்குத் தெரியாது. அது ஓனருக்கு அத்துப்படி. குரல் இருக்கிற கோட்டின்மேல் மவுஸை வைத்து எதையோ அழுத்தினார். "இப்ப நீ எந்தக் குமிழ நகத்தறியோ அது இதோட ஒட்டிக்கும். நகத்து." முதல் குமிழை நகர்த்தினேன், ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பம்பைக்கு. அப்புறம் உடுக்கை, சிலம்பு, அவற்றையும் பம்பைக்காரரே தனித்தனியாக வாசித்துக் கொடுத்திருந்தார். அப்புறம் பின்குரல், கீபோர்டு. ஆறு குமிழ் ஆனது. கடைசி இரண்டு சும்மா இருந்தன.

பாட்டை ஓட்டினார். நான் பம்பைக் குமிழை லேசாகத்தான் தொட்டேன். தொட்டதும் பம்பை அறையைப் பிளந்தது. நாலு பேரும் காதைப் பொத்திக்கொண்டோம்.

கீழே கடையிலிருந்து ஓனரின் அப்பா கத்தினார். "டேய்! மேல இன்னாடா, இடி உழுதா?"

"இல்லப்பா! பொட்டி வேல செய்யுது!"

"வேல செஞ்சாலே இப்படியா? நின்னா எப்படி இருக்கும்?"

பெட்டியில் குமிழ் உச்சியில் இருந்தது, திரையில் கோடு அடியில் இருந்தது. நான் தொட்ட உடனே கோடு குமிழ் இருக்கிற இடத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டது. ஓனர் தேடிப் பிடித்து எதையோ மாற்றினார். அதன் பிறகு குமிழ் கோட்டைக் கடந்து போகும்போதுதான் பிடித்துக்கொண்டது. பழக்கமில்லாத மாடு பக்கத்தில் வந்து நின்ற பிறகு கயிறு போடுகிற மாதிரி.

மறுபடி ஓட்டினார். இந்த முறை நான் எதையும் தொடவே இல்லை. குரலின் கோடு தானாக நடுங்கியது. ஏறியது, விழுந்தது, பாதியில் நின்று குதித்தது. பாட்டுக்காரியின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பம்பையின் கோடும் ஆட ஆரம்பித்தது.

பம்பைக்காரர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா எறங்கிட்டா."

"எறங்குனா எம்மேல எறங்குவா. பிளாஸ்டிக் பொட்டி மேல எறங்குவாளா?" என்றார் மனைவி. "நீ கொட்டுன துன்னூறு உள்ள போயிருக்குது, பாரு."

அவர் சொன்னதுதான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். முதல் இரண்டு பள்ளங்களிலிருந்து விபூதி சலித்த மாவு மாதிரிக் கொட்டியது. ஊதினேன். பனியன் நுனியை விட்டுத் துடைத்தேன். மறுபடி செருகினால் மறுபடியும் அதே ஆட்டம். உள்ளே நைசாகப் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு வருஷம் மழையிலும் லாரி டாப்பிலும் சாகாத பெட்டி, கும்பிட்டதில் சாகப் போகிறதா?

அப்போதுதான் கடைசி இரண்டு குமிழ்களைப் பார்த்தேன். பம்பைக்காரர் நின்ற பக்கத்துக்கு அவைதான் தூரம். பொட்டு மட்டும்தான், விபூதி விழவில்லை.

"சார், ஒட்ட வச்சத பிரிக்க முடியுமா? கொரல ஏழுக்கு மாத்துங்க, பம்பைய எட்டுக்கு."

மாற்றினார். தள்ளினேன். எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஏறியது, இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் ஓனரின் முதுகில் அடித்துவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தடவை முழுப் பாட்டையும் ஓட்டியபோது தெரிந்தது, பெட்டி பிழைத்தது பாதிதான். மீதி என் விரல். பாட்டு எனக்குப் பழக்கமில்லை. எப்போது அடுத்த அடி ஆரம்பிக்கும் என்று தெரியவில்லை. குரல் கேட்ட பிறகு பம்பையை இறக்கினேன். அதற்குள் ஒவ்வொரு அடியிலும் முதல் வார்த்தை போய்விட்டது.

"பஸ்ஸு போனப்புறம் கைய காட்டுறான்," என்றார் பம்பைக்காரர்.

ஓனர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

இரண்டாவது தடவை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நிற்கவில்லை. சில அடியை அவர் இழுத்துப் பாடுகிறார், சிலதைச் சட்டென்று முடிக்கிறார். பேசாமல் மவுஸுக்கே திரும்பிவிடலாம் என்று ஓனர் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"அக்கா, நீங்க எனக்கு எதிர்ல உக்காருங்க. பாட்டு ஓடறப்ப கூடவே பாடுங்க. சத்தம் வேணாம், வாய மட்டும் அசைங்க."

"ஊமப் பாட்டா?"

"ஆமா. கோயில்ல அண்ணன் முன்னாடி நிக்கற மாதிரி நெனச்சிக்கோங்க."

"இவரு முன்னாடியா? அப்ப மொறச்சிக்கினுதான் பாடணும்."

எதிரே உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை, அவரை மட்டும் பார்த்தேன். இரண்டு அடி போனதும் கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுப்பார். மூச்சு இழுக்கும்போது இடது தோள் கொஞ்சம் ஏறும். தோள் ஏறும்போதே நான் பம்பையை இறக்கினால் சரியாக இருந்தது. அடி முடியும்போது முகவாய் ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டில் பம்பையை விடலாம். முப்பது வருஷமாகப் பம்பைக்காரர் பார்த்து அடித்ததும் இந்தத் தோளைத்தான். அவருக்கு அது தெரியாது. கேட்டால், சாமிதான் சொல்லுது என்பார்.

"நிறுத்துங்க சார். மொதல்லேர்ந்து," என்றேன்.

மூன்றாவது தடவை. வலது கையின் இரண்டு விரல் ஏழிலும் எட்டிலும். இடது கை உடுக்கையிலும் சிலம்பிலும். தோள் ஏறியது, பம்பை படுத்தது, குரல் வந்தது. எப்பேர்ப்பட்ட குரல்! இவ்வளவு நேரம் அது எங்கே ஒளிந்திருந்தது! முகவாய் வெட்டியது, பம்பை எழுந்து பதில் சொன்னது. தோள், படு. முகவாய், எழு. நடுவில் உடுக்கையைக் கொஞ்சம் கிள்ளி மேலே விட்டேன். மயானத்தைப் பாடுகிற இடத்தில் அவர் மூச்சே விடாமல் மூன்று அடியைச் சேர்த்துப் பாடுகிறார். தோள் ஏறவில்லை, முகவாயும் வெட்டவில்லை. எனக்கு ஒரு கணம் தரை நழுவியது. அப்போது ஓரக் கண்ணில் பம்பைக்காரரின் விரல்கள் தொடையில் மெதுவாகத் தட்டுவது தெரிந்தது. அவை அடங்கியே இருந்தன. நானும் அடக்கியே வைத்தேன். அவர் விரல்கள் எழுந்தன. எட்டாவது குமிழை உச்சிக்கு ஏற்றினேன். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பாட்டுக்காரி ஊமைப் பாட்டை மறந்து வாய்விட்டே பாட ஆரம்பித்துவிட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை, பதிவாகிற மைக் எதுவும் அங்கே இல்லை.

ஒன்பது நிமிஷம் முடிந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஓனர் என்னைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினார். நான் செய்தது எல்லாம் திரையில் கோடுகளாகப் பதிந்திருந்தது. யாரும் தொடாமலே குரல் வந்தது, பம்பை படுத்தது, எழுந்தது. பாட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பம்பைக்காரர் பாதியில், "இத நான்தான் அடிச்சேனா?" என்றார். அந்த மாதிரி ஒரு கேள்வியை யாரும் என் வேலையைப் பார்த்துக் கேட்டதில்லை.

பாட்டு நின்றதும் ஓனர் சொன்னார், "பொட்டிய எனக்குக் குடுத்துடுய்யா."

நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒங்கிட்ட கம்ப்யூட்டர் இல்ல. ஒனக்கு இது எதுக்கு? நான் நல்லபடியா செய்யறேன் ஒனக்கு. வேற எங்கியாவது கெடச்சா நீ வாங்கிக்கோ."

நியாயமாகத்தான் பேசினார். மோசமான மனுஷன் இல்லை. ஆனால் இரண்டு கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்திருந்தது. அதில் ஒரு பதிலை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தெருவுக்கு அனுப்புகிறேன் என்கிறார். இந்தப் பெட்டி இங்கே இருந்துவிட்டால் என் விரல்கள் மறுபடி ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போக வேண்டும்.

"இன்னொரு பாட்டு இருக்குதில்ல சார்? சின்னது. அத நீங்க ஓட்டிப் பாருங்க," என்றேன். "ஓட்டிட்டு அப்பறம் பேசலாம்."

ஆரத்திப் பாட்டு, நாலு நிமிஷம். ஓனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரே விரலால் குமிழைப் பிடித்தார், மவுஸைப் பிடிக்கிற மாதிரி. கண் முழுக்கத் திரையில். ஒரு குமிழை இறக்கினார், அதை விட்டார், அடுத்ததற்குப் போனார், அதை ஏற்றினார், திரும்பி வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டுக்காரியை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பத்து வருஷம் புள்ளி வைத்த கை அது. வேறு எப்படி இருக்கும்?

ஓட்டிப் பார்த்தோம்.

"தம்பி," என்றார் பாட்டுக்காரி, "நான் மறுபடி காணாம போயிட்டேன்."

"பொட்டிய வாங்கறதுன்னா வாங்கிக்க," என்றார் பம்பைக்காரர் ஓனரிடம். "அப்படியே அந்தக் கையவும் அறுத்துக் குடுக்கச் சொல்லு."

ஓனருக்கு முகம் சுருங்கியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "சீக்கிரம் உக்காரு. மணி மூணே முக்கால்."

ஆரத்திப் பாட்டை ஒரே தடவையில் முடித்தேன். பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு பாட்டுக்காரி படியில் ஓடினார். பின்னால் பம்பையைத் தூக்கிக்கொண்டு அவர் கணவர்.

நாலரைக்கு நானும் ஓனரும் கடை வாசலில் நின்றோம். வேன் கூட்ரோட்டுப் பக்கமிருந்து ஊர்ந்து வந்தது. மேலே ஸ்பீக்கர், உள்ளே நிற்க இடமில்லாத ஜனம். ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன, போலீஸ்காரர் விசில் ஊதுகிறார், பழக்கடைக்காரர்கள் கூவுகிறார்கள். அத்தனைக்கும் மேலே அந்தக் குரல் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது. அடி முடிந்ததும் பம்பை எழுந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் பையைக் கீழே போட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் இடுப்பில் துண்டு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். என் வலது கை விரல்கள் என்னை அறியாமல் காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஓனர் அதைப் பார்த்தார்.

"எங்க தங்கியிருக்க?"

"எங்கியும் இல்ல."

"காலையில எட்டரைக்கு வா. பொட்டியோட." கொஞ்சம் யோசித்து, "தெனமும் பாட்டு வராது, சொல்லிட்டேன். பாதி நாளு தெருவுல விக்கற ஆளுங்களுக்குக் கொரல் பிடிக்கறதுதான். அதுக்கு ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டேன். அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் கோயில் கூட்டத்தோடு படுத்தேன். கொசு அதிகம், தூக்கம் வரவில்லை. அதற்குக் கொசு காரணமில்லை.

மறுநாள் எட்டேகாலுக்கே போய்விட்டேன். பெட்டியின் முதல் இரண்டு பள்ளங்களையும் பாத்திரக் கடையில் வாங்கின சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அவை இன்னும் கொஞ்சம் ஆடின, இருக்கட்டும். எட்டரைக்குப் படியேறி வந்தார் முதல் ஆள், மொபெட்டில் கருவாடு விற்கிறவர். வண்டியில் கட்டிய ஸ்பீக்கரில் போட அவர் குரல் வேண்டும். பழைய பதிவில் 'கருவாடு கருவாடு' என்பது தெருவெல்லாம் கேட்கிறதாம், என்ன கருவாடு என்பதுதான் யாருக்கும் புரிவதில்லையாம். ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆரம்பத்தில் கத்துகிறார், பெயர் வரும்போது மூச்சு தீர்ந்து குரல் உள்ளே போய்விடுகிறது. ஓனர் மைக்கை அவர் வாய்க்கு நேராக வைத்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, தோளைப் பார்த்துக்கொண்டே ஏழாவது குமிழில் விரலை வைத்தேன்.

"சொல்லுங்கண்ணே," என்றேன். "நெத்திலியிலேர்ந்து ஆரம்பிங்க."